கடைமடையில் இரண்டு ஏக்கர்: முதல் பணத்தை எதில் போடுவது?

திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் என்று காவிரிப் படுகையில் ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம், பருவம் தப்பும் மழையையும் வறட்சியையும் தாங்கி நிற்கும்படி செய்ய வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கம் நினைக்கிறது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நினைக்கிறது, சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். கையில் இருக்கும் தொகை எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பதால், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதைவிட முதலில் எதைச் செய்வது என்று முடிவெடுப்பதே உண்மையான வேலை. அப்படி முன்வைக்கப்படும் வழிகள் பெரும்பாலும் ஐந்து: நெல்லையே விதையையும் முறையையும் மாற்றிச் செய்வது, குட்டை வெட்டி மேடு எழுப்பிக் கலப்புப் பண்ணையாக்குவது, ஆடு வளர்ப்பது, அரிசியாகவும் அவலாகவும் மாற்றி விற்கும் சிறுதொழில் தொடங்குவது, கடலோரமாக இருந்தால் இறால் பண்ணைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். நல்ல ஆண்டில் எது அதிகம் தரும் என்று கணக்குப் போட்டால் விடை எளிதில் கிடைத்துவிடும், ஆனால் அது கடைமடைக்கு உதவாத விடை. இங்கே கெட்ட ஆண்டுகள் ஒரே மாதிரி வருவதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் தென்னையையும் கூரையையும் கால்நடையையும் ஒருசேரக் கொண்டு போயிற்று. 2021 பொங்கலை ஒட்டிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவை வயலிலேயே சாய்த்து முளைக்க வைத்தது. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆகவே ஒவ்வொரு வழியையும் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நான்கில் எது வந்தாலும் அந்தக் குடும்பம் கந்துவட்டிக்குப் போகாமல் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்குமா என்பதுதான். ஊருக்கே அடி விழும்போது ஒரு வழி என்ன ஆகும் என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லோரும் ஒரே வாரத்தில் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றால் ஆட்டுக்கு விலை இருக்காது.

நெல்லிலிருந்து தொடங்குவோம். விதையை மாற்றுவது இருப்பதிலேயே மலிவான வழி என்பதால் அதைப் பற்றிச் சற்று அதிகமாகவே நம்பிக்கை ஊட்டப்படுகிறது. சி.ஆர். 1009 சப் 1 என்ற இரகத்தை எடுத்துக்கொள்ளலாம். படுகையில் பொன்மணி என்று பழகிப்போன சி.ஆர். 1009 நெல்லில், ஒடிசாவின் பழைய இரகமொன்றிலிருந்து கண்டறியப்பட்ட சப் 1 என்ற மரபணுவைச் சேர்த்து உருவாக்கியது அது. வளர்ச்சிப் பருவத்தில் பயிர் முழுக மூழ்கி ஏறக்குறைய இரண்டு வாரம் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். நவம்பர் வெள்ளத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதை குறைவு. ஆனால் கதிர் முற்றி நிற்கும்போது ஜனவரியில் பெய்யும் மழைக்கு இந்த மரபணு ஒன்றும் செய்யாது. கதிர் தண்ணீரில் படுத்தால் மற்ற நெல்லைப் போலவே இதுவும் முளைக்கும். போதாக்குறைக்கு இது 150 நாளைத் தாண்டும் நீண்ட காலப் பயிர், எனவே மேட்டூர் அணை தாமதமாகத் திறந்த ஆண்டில் அறுவடை தையின் இறுதிக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போய், 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்தது போன்ற மழையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு ஆபத்தைத் தாங்கும் விதை இன்னொரு ஆபத்தின் வாயருகே கொண்டு போய் விடலாம் என்பதை விதை கொடுப்பவர்கள் சொல்ல வேண்டும், பெரும்பாலும் சொல்வதில்லை.

முறையை மாற்றுவதில் இதைவிடப் பலன் தெரிகிறது. கடைமடையில் பலர் ஏற்கெனவே செய்துவரும் நேரடி விதைப்பை எடுத்துக்கொண்டால், ஆவணிக்கும் புரட்டாசிக்கும் இடையே புழுதியில் விதைத்து, ஐப்பசி மழை வலுப்பதற்குள் பயிருக்கு முப்பது நாற்பது நாள் வயதாகிவிட்டால், முழங்கால் தண்ணீரை அது தாங்கிவிடும். நாற்றுவிட்டு நட்டவருடைய வயலில் அதே நேரத்தில் பத்து நாள் நடவு இருக்கும், அதுதான் முதலில் அழுகும். களை அதிகம் என்பது நேரடி விதைப்பின் உண்மையான குறை, களைக்கொல்லிச் செலவோ ஆள்கூலியோ கூடத்தான் செய்யும். உப்புத் தன்மை ஏறிய மண்ணுக்குத் திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். 3 போன்ற இரகங்கள் இருக்கின்றன. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வயல் ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடும் பழக்கம் இன்னும் உயிரோடிருப்பது படுகையின் பெரிய நன்மை, பனி ஈரத்திலேயே விளையும் இந்தப் பயறு நெல் கெட்ட ஆண்டில் குடும்பத்தின் முதல் ரொக்கமாக வந்துசேரும். அறுவடை இயந்திரத்தின் சக்கரத் தடத்தில் முளைப்பயிர் நசுங்குவதால்தான் இந்தப் பழக்கம் தேய்ந்து வருகிறது.

பாரம்பரிய நெல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடு, எந்த மானியமும் இல்லாமல் விதையைப் பரப்பிய சிறப்பான முறை. காட்டுயானம் உயர்ந்து வளர்ந்து தண்ணீருக்கு மேலே தலையை வைத்துக்கொள்ளும், குடவாழை வேதாரண்யம் பக்கத்து உவர் நிலத்துக்குப் பழகியது. ஆயினும் உயர்ந்து வளரும் நெல் பலத்த காற்றில் சாயும், விளைச்சல் குறைவு, அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கருப்பு கவுனி போன்ற பாரம்பரிய நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. இரண்டு ஏக்கரையும் அதற்கு ஒதுக்குவது வாங்குபவரைக் கையில் வைத்திருப்பவருக்கே பொருந்தும். ஒரு மா, அதாவது ஏறக்குறைய 33 சென்ட், வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்குமாகப் போடுவது எல்லோருக்கும் பொருந்தும்.

நெல்லை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு சீர்திருத்தினாலும் ஜனவரி மழைக்கு விடை கிடைப்பதில்லை என்பதைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நின்றால் புரிந்துகொள்ளலாம். நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, தளர்வு அறிவிக்கப்படுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அதுவரை நெல் சாலையோரத்தில் படுதாவுக்கு அடியில் கிடக்கும். பகலில் வெயில் எட்டிப் பார்த்தால் படுதாவை விலக்கிக் காலால் கிளறுவார்கள், மேகம் கறுத்தால் ஓடிவந்து குவித்து மூடுவார்கள். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும், அடியில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். 2025–26 பருவத்துக்குப் பொது இரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், ஏக்கருக்கு இரண்டு டன் என்று வைத்துக்கொண்டால் 47,000 ரூபாய்க்குச் சற்று மேல். அந்தத் தொகை முழுவதும் அந்தச் சில நாட்கள் படுதாவுக்கு அடியில் கிடக்கிறது.

இரண்டாவது வழிக்கு வருவோம். பண்ணைக்குட்டை என்றவுடன் வறட்சி மாவட்டத்துக்கான திட்டம் என்று நினைப்பது வழக்கம். கடைமடையில் குட்டையைவிட அதிலிருந்து எடுக்கும் மண்ணுக்கே மதிப்பு அதிகம். இரண்டு ஏக்கரில் 20 சென்டை ஆறு அடி ஆழத்துக்கு வெட்டினால், கரைச் சரிவைக் கழித்து ஏறக்குறைய 40,000 கன அடி மண் கிடைக்கும். அதை 40 சென்டில் பரப்பினால் இரண்டு அடிக்கு மேல் நிலம் உயரும். அந்த உயரம் நவம்பர் வெள்ளத்தில் காய்கறியும் கீரையும் ஆட்டுக்கொட்டகையும் நிற்கும் உயரம். குட்டையில் தங்கும் தண்ணீர் 11 இலட்சம் லிட்டர் அளவுக்கு வரும், ஆவியாவதும் கசிவதும் போக, எஞ்சிய ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நெல்லுக்கோ பயறுக்கோ இரண்டு தண்ணீர் கட்டலாம். கதிர் வரும் நேரத்தில் ஆற்றில் முறை வைத்து விடும் தண்ணீர் கடைமடை எட்டாத ஆண்டில் அந்த இரண்டு தண்ணீர்தான் விளைச்சல். மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் கானிங் நகரிலுள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இதையே நில வடிவமைப்பு என்ற பெயரில் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. அங்குள்ள நிலமும் கடலோரத் தாழ்நிலம், உவர் மண், புயல் பாதை என்று நம் கடைமடையை ஒத்தது.

இந்த வழியில் இழப்பு என்ன என்றால், 60 சென்ட் நெல் போய்விடுகிறது. நல்ல ஆண்டில் அது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. குட்டையில் விடும் கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள் அதை ஓரளவு ஈடுகட்டும், ஆனால் ஆவணியில் நிரம்பி மாசிக்குள் வற்றும் குட்டையில் மீன் வளரக் கிடைக்கும் காலம் ஐந்தாறு மாதமே, எனவே நுண்குஞ்சை விடாமல் விரலளவுக்கு மேல் வளர்ந்த குஞ்சாக வாங்கி விட வேண்டும். கரை வெள்ள மட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது இருக்க வேண்டும், அதன் மேல் சுற்றிலும் மூன்றடி உயரத்துக்கு வலை கட்டாவிட்டால் ஒரே இரவில் மீன் எல்லாம் பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும். கடலுக்கு அருகில் ஆழமாக வெட்டினால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறும் என்பது இதைவிடப் பெரிய ஆபத்து. வேதாரண்யத்தைச் சுற்றி ஆறடி வெட்டுவதற்கு முன் ஒரு குழி தோண்டி, ஊறும் நீரை வாயில் வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். உப்பு இருந்தால் நான்கடியோடு நிறுத்திப் பரப்பைக் கூட்டிக்கொள்வதே வழி.

சட்டத்தின் பக்கமிருந்து வரும் தடை ஒன்று இருக்கிறது, அதைத் திட்டம் தீட்டுபவர்கள் பலமுறை கவனிப்பதில்லை. படுகையில் கணிசமான சிறு விவசாயிகள் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குச் செய்பவர்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை. குத்தகைச் சாகுபடிதாரர் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற சாகுபடிச் சான்று வாங்கிப் பயிர்க்கடன் பெறலாம், காப்பீடு செய்யலாம், ஆனால் நிலத்தின் உருவத்தை மாற்றிக் குட்டை வெட்ட அவரால் முடியாது, முடிந்தாலும் மானியம் அவருக்கு வராது. ஆகையால் குட்டைதான் சிறந்தது என்று நான் சொல்லும் தீர்ப்பு பட்டாதாரருக்கு மட்டுமே செல்லும்.

குத்தகைதாரருக்கும் நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கும் மூன்றாவது வழியான ஆடுதான் கைக்கு எட்டுவது. சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி விற்கத் தகுதியாக இன்னும் ஏழெட்டு மாதம், ஆக முதல் வருமானம் வர ஓர் ஆண்டு பொறுக்க வேண்டும். அதன்பின் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் விற்கும்படி இனச்சேர்க்கையைத் திட்டமிட்டால் பெண்கள் கையில் நேரடியாகப் பணம் சேரும். நடமாடும் சொத்து என்பதும் உண்மை, புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஓட்டிச் செல்லலாம். ஆனால் படுகைக்கு ஆடு இயல்பாகப் பொருந்தும் பிராணி இல்லை. ஆவணி முதல் தை வரை ஊரெங்கும் வயலில் பயிர் நிற்கும், மேய்க்க இடம் சாலையோரமும் ஆற்றங்கரையும்தான். அதே மாதங்களில் தரை ஓயாமல் ஈரமாக இருப்பதால் குளம்பு அழுகலும் நுரையீரல் நோயும் வரும், ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி தவறினால் ஒரு மழைக்காலத்தில் மந்தை பாதியாகிவிடும். ஆகவே ஆடு வாங்கித் தரும் திட்டங்கள் முதலில் மூன்று நான்கு அடி உயரப் பரண் கொட்டகையும், வேலியோரமாக அகத்தியும் கிளுவையும், தடுப்பூசிக்கு ஓர் ஏற்பாடும் செய்துவிட்டுத்தான் ஆட்டைக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆடு கொடுக்கும் பணத்தில் மூன்று ஆடும் ஒரு பரணும் கொடுப்பது நல்லது. புகைப்படத்தில் ஐந்துதான் எடுப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

வெளியூர் உயரின ஆட்டை இறக்குவதைவிட உள்ளூர்ப் பள்ளை ஆட்டோடு நிற்பது நல்லது என்று சொல்வதற்கும் மண்தான் காரணம். தலைஞாயிறு பகுதிக்கே உரிய உம்பளச்சேரி மாடு சேற்றில் உழுவதற்கென்றே இங்கு உருவானது. பாலுக்காகக் கொண்டுவந்த கலப்பினப் பசுக்கள் அந்த ஈரத்திலும் வைக்கோல் தீவனத்திலும் திணறுவதைப் பார்த்தவர்கள் ஆட்டிலும் அதே தவற்றைச் செய்ய வேண்டியதில்லை.

நான்காவது வழி சிறுதொழில். நெல்லை அரிசியாக்கி, அவலாக்கி, மாவாக்கி, உளுந்தைப் பருப்பாக்கி விற்றால் இடைத்தரகர் இலாபம் வீட்டுக்கு வரும் என்ற வாதம் தவறில்லை. நிதி உதவிக்கும் திட்டங்கள் வந்திருக்கின்றன: 2020இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் தகுதியான திட்டச் செலவில் 35 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 இலட்சம், வங்கிக் கடனோடு இணைந்த மானியமாகக் கிடைத்து வந்தது, மாநிலத்தின் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் கடனில் 30 விழுக்காடு இணை மானியம் தரப்பட்டது. ஆனால் பருவநிலையைத் தாங்கும் தொழிலாக இதை முன்வைக்கும்போது ஒன்று மறைக்கப்படுகிறது. தொழிலின் மூலப்பொருள் அதே வயலிலிருந்து வருகிறது. வெள்ளம் வந்த ஆண்டில் நெல்லும் இல்லை, அவலுக்கு நெல் வாங்கப் பணமும் இல்லை, இயந்திரத்தின் தவணை மட்டும் மாதந்தோறும் வரும். தனி வீட்டுக்கு இதை நான் முதல் வழியாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

குழுவுக்கு என்றால் பேச்சு வேறு. அங்கும் அரைவை, பொட்டலம், வணிகப் பெயர் என்று தொடங்காமல், உலர்களத்திலும் சேமிப்பிலும் தொடங்க வேண்டும். இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்து மேட்டில் ஒரு சிமெண்ட் களமும், கூரையோடு கூடிய கிடங்கும், நெல்லைச் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம் ஒன்றும் வைத்துக்கொண்டால், மேலே சொன்ன படுதாக் காட்சிக்கு அதுவே நேரான மருந்து. ஈரப்பதத்தை 17க்குள் கொண்டுவந்த நெல் கொள்முதல் நிலையத்தில் திரும்பி வராது, தளர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கவும் வேண்டாம். உலர்த்திக் கொடுப்பதற்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணமே தொழிலாகவும் ஆகும், மழை வந்தால் வருமானம் கூடும் அபூர்வமான தொழில் அது. அரிசி விற்பனை அதற்குப் பிறகு, வாடிக்கையாளர் கிடைக்கும் வேகத்தில் வரட்டும்.

இறாலைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விவசாய நிலங்களை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது, 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்த பிறகும் ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் வயலை மாற்றுவதை ஏற்கவில்லை. இருந்தும் குத்தகைப் பணம் வெள்ளமோ வறட்சியோ பாராமல் வரும் என்பதால் ஆசை இருக்கத்தான் செய்கிறது. நோய் வந்தாலோ, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியதைப் போல ஏதாவது நடந்தாலோ, குத்தகைதாரர் விட்டுவிட்டுப் போய்விடுவார், உப்பு ஏறிய மண் உரிமையாளரிடமும் பக்கத்து வயல்காரரிடமும் தங்கிவிடும். அடுத்தவர் வயலைக் கெடுக்கும் வருமானத்தை உதவி என்ற கணக்கில் சேர்க்க முடியாது.

எந்த வழியானாலும் அடியில் இரண்டு தாங்கல்கள் வேண்டும். ஒன்று பயிர்க் காப்பீடு. சம்பாவுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடுதான், கட்டாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. ஆனால் இழப்பீடு பெரும்பாலும் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடப்படுவதால், தாழ்வான மூலையில் இருக்கும் வயல் மட்டும் மூழ்கினால் பணம் வராமல் போகலாம். அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. மற்றொன்று வடிகால். வெண்ணாற்றுப் பாசனத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு போன்றவை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் சீரமைக்கப்பட்டன, ஆனால் வயலிலிருந்து ஆறு வரை போகும் கிளை வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் ஆறு அகலமாக இருந்து பயனில்லை. ஓர் ஊர் வடிகாலைப் புரட்டாசியில் தூர்வாரும் செலவு பல குடும்பங்களுக்குத் தனித்தனியாக ஆடு வாங்கும் செலவைவிடக் குறைவு, பலன் எல்லோருக்கும். உதவித் தொகை ஊருக்கென்று வந்தால் நான் முதலில் கை நீட்டும் இடம் அதுதான். தனிக் குடும்பத்துக்கென்று வந்தால், பட்டா இருப்பவருக்குக் குட்டையும் மேடும், இல்லாதவருக்குப் பரணும் ஆடும், இருவருக்குமே விதை மாற்றம். விதைக்குச் செலவே அதிகமில்லை என்பதால் அதை வரிசையில் வைத்து யோசிக்க வேண்டியதில்லை.

குட்டையைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான ஆண்டில் ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் பொக்லைன் வயலுக்குள் இறங்க முடியாது. உளுந்து அறுத்த பிறகு, பங்குனிக் கடைசி முதல் வைகாசி வரை மண் காய்ந்திருக்கும் காலம்தான் வேலைக்கு ஏற்றது. அரசின் ஊரக வேலைத் திட்ட ஆட்களை வைத்து வெட்டுவதானால் ஊராட்சியின் வேலைப் பட்டியலில் முன்கூட்டியே பெயர் இருக்க வேண்டும். எனவே பட்டா நகலும் மண், நீர்ப் பரிசோதனை முடிவும் மாசிக்குள் கையில் இருப்பவருக்கு அந்த ஆண்டே குட்டை கிடைக்கும், மற்றவர்கள் இன்னொரு வடகிழக்குப் பருவமழையைப் பழைய வயலிலேயே கழிக்க வேண்டியிருக்கும்.